முதலில் நின்றது எஞ்சின்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. நெய்யூருக்குச் சற்று முன்னால், தார்ச்சாலையை விட்டு, சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரைக்குத் திரும்பும் வளைவில், நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் எஞ்சின் நின்றது. அதன் பிறகு வண்டி சாய்ந்தது. இவ்விரண்டு வாக்கியங்களையும் இதே வரிசையில் வைப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் வேறொரு நிகழ்ச்சி கிடைக்கும்: வண்டி சாய்ந்தது, அதனால் எஞ்சின் நின்றது. எங்கள் வீட்டில் இன்றுவரை வழங்கிவருவது அந்த இரண்டாவது பிரதி.

பின்னால் அம்மா இருந்தாள். சித்தி மகளுக்குக் கல்யாணம். அப்பா முந்தின நாளே போய்விட்டிருந்தார். அம்மா பட்டுச்சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, வலது கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தாள். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வளைவுக்காக முதல் கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை மிகக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியபோது சத்தம் இல்லாமல் போயிற்று. பெட்ரோல் தீர்ந்த வண்டி இருமித் தடுமாறி நிற்கும். இது விளக்கை அணைத்ததுபோல நின்றது. மெதுவாகத் திரும்பும் வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது அதன் இழுவிசைதான். அது போனதும் இடது காலை ஊன்றினேன். சாலை அங்கே தாழ்ந்திருந்தது. என் கால்விரலுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை அந்த இடைவெளியில் யாராலும் தாங்க முடியாது.

அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. சானல் படியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயில் நுரையோடு ஓடிவந்தார். அவர் முதலில் பார்த்தது என்னை.

“ஏட்டி, உனக்கு எதுக்கு இந்தக் குதிர? ஒரு ஸ்கூட்டர் போராதா?”

பிறகுதான் அம்மாவைத் தூக்கினார். ஆட்டோ பிடித்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போடுகிறவரை அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் ஒருமுறை சொன்னேன்: “எஞ்சின் நின்னுட்டும்மா.” அவள் என்னைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினாள். தெரியும் என்று அதற்குப் பொருள். அந்தத் தலையசைப்பு எனக்குப் போதுமென்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி அண்ணனுடையது. அவன் கல்ஃபில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். விபத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பு விடுமுறையில் வந்தபோது இதை வாங்கினான். தாரிலும் ஓடும், கல்லிலும் மண்ணிலும் ஏறும் என்று சொல்லி விற்கப்படும் வகை. உயரமான இருக்கை, முன்சக்கரத்தைத் தாங்கும் நீண்ட முன்கால்கள், கம்பிச் சக்கரங்கள், மேலே தூக்கிக் கட்டிய மட்கார்டு. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர்த் தோட்டத்து வழிகளில் மூன்று முறை ஏற்றினான். நண்பர்களை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். விடுமுறை முடிந்தது. புறப்படும்போது சாவியை என்னிடம் தந்தான்.

“சும்மா நின்னா பேட்டரி செத்துரும் மக்கா. இதுல கிக்கரும் கெடையாது. நீ காலேஜுக்கு எடுத்துட்டுப் போ. பத்திரம், கேட்டியா? இது சாதா வண்டி இல்ல.”

அன்றுமுதல் நாகர்கோவிலுக்கு அதில்தான் போய்வந்தேன். தமிழ் முதுகலை வகுப்பில் இப்படியொரு வண்டியில் வருகிறவள் நான் ஒருத்திதான். அதனால் என்னைப் பற்றி ஓரளவு தவறான எண்ணம் அங்கே பரவியிருந்தது. எனக்கு வேகத்தில் விருப்பமில்லை. கியரை மாற்றும்போது கையும் காலும் காதும் ஒரே சமயத்தில் ஒத்துப்போவதில் ஒரு செம்மை இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது. பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதும், யாரிடமும் கேட்காமல் ஓரிடத்திலிருந்து கிளம்பலாம் என்பதும் அதைவிடப் பிடித்தன.

ஒன்றரை ஆண்டில் அதன் குறைகள் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. இரண்டு வேலைக்கென்று செய்யப்பட்டதால் அது இரண்டிலும் கொஞ்சம் பொய் சொல்லும். கல்லும் பள்ளமும் தாங்குவதற்காக முன்கால் நீளமாக இருக்கிறது. நீளமாக இருப்பதால் அதிகம் மேலும் கீழும் வழுக்குகிறது. வழுக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் தூசி பட்டுக் கிழிந்து எண்ணெய் கசிகிறது. அறுப்புக் காலத்தில் எங்கள் ஊர்ச் சாலைகளில் வைக்கோல் காயப் போடுவார்கள். அந்தத் தூசிக்குப் பிறகு வலது முன்கால் எப்போதும் எண்ணெய் ஈரமாகவே இருந்தது. சக்கரக் கம்பிகள் தாமாகத் தளரும். ஆளரவமில்லாத இடத்தில் மெதுவாகப் போனால் டிக் டிக் என்று அவை சொல்லும். நான் ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எஞ்சின் சூடாகிவிட்டால் நியூட்ரல் விழாது. வடசேரி சிக்னலில் கிளட்சைப் பிடித்தபடி கை மரத்துப்போக நின்றிருக்கிறேன். செயின் விரைவில் தொய்யும். மேடு பள்ளத்தில் பின்சக்கரம் ஆடும் தூரம் அதிகமென்பதால் அதை இறுக்கமாகவும் வைக்கக் கூடாது. இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஓர் ஆளோடு வாழ்வதில் இதைவிடக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறோம்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். எப்போதாவது, முன்னறிவிப்பு இல்லாமல், அது நின்றுவிடும்.

முதல்முறை நின்றது கல்லூரி வாசலில். பிறகு சுசீந்திரம் பாலத்தடியில். பிறகு எங்கள் தெருமுனையில். உடனே ஸ்டார்ட் செய்தால் சில சமயம் எடுக்கும், சில சமயம் எடுக்காது. சைடு ஸ்டாண்டைக் காலால் ஒருமுறை தட்டி மேலேற்றினால் எடுக்கும். அதிலிருந்துதான் புரிந்தது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை அணைக்கும் ஒரு சிறிய சுவிட்சு அதன் மூட்டில் இருக்கிறது. மறந்துபோய் ஸ்டாண்டோடு கிளம்பி விழாமல் இருக்க வைத்த பாதுகாப்பு. அது சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்திலேயே, தரைக்கு மிக அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. ஈரம் புகுந்தால், மேல் எது கீழ் எது என்ற நிதானம் அதற்குப் போய்விடும். ஸ்டாண்டு மேலே இருக்கும்போதே கீழே இருப்பதாக எண்ணி எஞ்சினை அணைத்துவிடும். விழாமல் காக்க வைத்ததே தள்ளிவிடுகிறது.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. கல்ஃபில் ஆள் இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவற்றுள் பலவற்றில் உள்ள எழுதாத சட்டம் இது: கடல் தாண்டி இருக்கும் பிள்ளையிடம் கெட்டதைச் சொல்லக் கூடாது. அம்மா அதை விரதம்போலக் கடைப்பிடித்தாள்.

“அங்க வெயில்ல கெடக்குற பிள்ள. சோறு எறங்காது அவனுக்கு. ஒரு சொல்லு சொல்லப்பிடாது, கேட்டியா?”

அப்பாவுக்குச் சர்க்கரை கூடியது அண்ணனுக்குத் தெரியாது. இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் மழையில் சாய்ந்ததும் தெரியாது. அவன் வாங்கிக்கொடுத்த ஃபிரிட்ஜ் ஒரு மாதம் குளிரவில்லை என்பதும், அதைச் சரிசெய்யும் தொழிலே அவனுடையதாக இருந்தும், தெரியாது. வண்டியும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று மாலை வீடியோ காலில் வண்டியைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அதற்கு முன்பாக அம்மா கிணற்று மோட்டாரின் குழாயை நுனியில் விரலால் அழுத்தி, பாய்ந்து அடிக்கும் தண்ணீரால் வண்டியை அடிமுதல் நுனிவரை கழுவுவாள். எஞ்சினுக்கு அடியில், செயின் மேல், ஸ்டாண்டின் மூட்டில், எல்லா இடத்திலும்.

“அம்மா, அடியில அடிக்காத. சுவிட்சுல தண்ணி போனா வண்டி நிக்குது.”

“பின்ன சேறோட அவனுக்குக் காட்டவா? நீ போட்டி.”

பிறகு நான் போனைப் பிடிப்பேன். எண்ணெய் கசியும் வலது பக்கம் படாமல் இடது பக்கமாக நின்று காட்டும்படி அம்மா கையால் சைகை செய்வாள். அண்ணன் அங்கே கட்டிலில் சாய்ந்தபடி, சொந்தக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

“எப்படி ஓடுது?”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“சூப்பரா ஓடுது அண்ணா.”

“அதான் சொன்னேன்லா. அந்த எஞ்சின் கைவிடாது.”

ஜூன் 11க்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் இதுவே நடந்தது. வண்டி கழுவப்பட்டது. காட்டப்பட்டது. அடுத்த நாள் முழுக்க மழை.

விபத்தைக்கூட முதலில் அவனிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் அம்மா வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். சித்திக்கு இந்தச் சட்டம் தெரியாது. அல்லது தெரிந்தும் வேடிக்கை பார்க்கும் ஆசை. சில நாளில் அவளே அவனிடம் சொல்லிவிட்டாள். போன் எனக்கு வந்தது.

“வண்டியப் போட்டுட்டியாட்டி?”

“எஞ்சின் நின்னு போச்சுண்ணா. வளைவுல.”

“அது எப்படி நிக்கும்? கிளட்ச விட்டிருப்ப. அம்மைக்க கைய ஒடிச்சிட்டு எஞ்சினுக்க மேல பழியப் போடாத.”

அவன் கத்தவில்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னான். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி பக்கத்தில் இருந்தாள். போனை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, “நீ சாப்பிட்டியா மக்கா?” என்று கேட்டாள்.

அன்று மாலை அப்பா சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறார் அவர். எதையும் இழுத்தடித்து முடிப்பவர் இதை ஒரே நிமிடத்தில் முடித்தார். “பொம்பளப் பிள்ளைக்கு இது வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். சாவி எனக்கு முக்கியமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று அதோடு கூடப் போயிற்று. அம்மாவின் கையை ஒடித்தவள் என்ற பெயர் எனக்கு வந்தது. உறவுக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருவரும் என் காலைப் பார்த்தார்கள், நீளம் எவ்வளவு என்று. ஒரு மாமி வாயைத் திறந்தே சொன்னாள்: “எட்டாத கொம்புல தேன எடுக்கப் போனா இப்படித்தான்.” அம்மா அவளுக்கு இடது கையால் காப்பி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அறையில் இருந்தவர்களில் எஞ்சின் நின்ற சத்தத்தை, அதாவது சத்தம் நின்றதை, கேட்டவர்கள் இருவர். ஒருத்தி நான், என் சொல் செல்லாது. இன்னொருத்தி அம்மா. அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நான் வற்புறுத்தியதால், அப்பாவும் நானும் வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றி மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். அப்போது ஒரு வாரமாக நல்ல வெயில். அங்கிருந்தவர் அதை ஹைவேயில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டி நிற்கவில்லை. நான் சைடு ஸ்டாண்டு சுவிட்சைப் பார்க்கச் சொன்னேன்.

“எந்தச் சுவிட்சு மோளே? அது கெட்டிருந்தா வண்டி நின்ன எடத்த விட்டு இளகவே இளகாது.” ஸ்டாண்டை இரண்டு முறை இறக்கி ஏற்றிக் காட்டினார். எஞ்சின் சரியாக அணைந்தது, சரியாக எடுத்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “சாரே, வண்டி கொள்ளாம், நல்ல கண்டிஷன். ஓட்டுற ஆளுக்குத்தான் ஒரு நாலு இஞ்சு கொறவு. அந்த ஸ்பேர் இங்க ஸ்டாக் இல்ல கேட்டேளா.”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இடைவிட்டு வரும் குறைக்கு எதிராகச் சாட்சி சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்று அறிந்தேன். காய்ச்சல் மருத்துவர் முன்னிலையில் விட்டுவிடுவதுபோல, அது நம்மைப் பொய்யராக்கிவிட்டுப் போய்விடும்.

ஆவணியில் அண்ணன் விடுமுறைக்கு வந்தான். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். ஆனால் கை முழுதாக மடங்கவில்லை, தோசை திருப்ப முடியவில்லை. அவன் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என்னிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. “போட்டும், நடந்தது நடந்தாச்சு” என்றான். மன்னிக்கப்பட்டுவிட்டேன். செய்யாத ஒன்றுக்காக மன்னிக்கப்படுவதில் ஒரு தனியான கசப்பு இருக்கிறது. அதை மறுத்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவோம்.

அவன் வண்டியைத் தானே கழுவினான், தினமும் எடுத்தான். இரண்டாம் வாரம் மழை பிடித்தது. ஒரு நாள் மதியம் அவன் நனைந்து, வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் அந்தச் சுவிட்சு. கழற்றி எடுத்திருந்தான்.

“ஏட்டி, இங்க வா! அம்மா, நீயும் வா. பாத்தியா? பச்ச பிடிச்சுக் கெடக்கு. வரும்போது கோயில் பக்கத்துல டப்புனு நின்னுட்டு. முன்ன ஒரு லாரி. நல்ல வேள, கால ஊனிட்டேன்.”

அவன் கால் எட்டும். அதனால் அவனுக்கு அது விபத்தாக மாறவில்லை. ஒரு கண்டுபிடிப்பாக மாறியது. அன்றைக்கே மூன்று பேருக்குப் போன் செய்து அதை விளக்கினான். இந்த வகை வண்டிகளுக்கே உள்ள குறையென்றும், கம்பெனிக்காரன் சுவிட்சை இவ்வளவு தாழ வைத்தது முட்டாள்தனமென்றும் சொன்னான். அவ்வளவும் விபத்துக்குப் பிறகு வீட்டில் நான் சொல்லிவந்த சொற்கள். சில இடங்களில் வரிசைகூட மாறவில்லை.

அவன் போனை வைக்கும்வரை காத்திருந்து சொன்னேன்: “அன்னைக்கு நின்னதும் இதனாலதான்.”

அவன் உண்மையாகவே யோசித்தான். அதை நான் மறுக்க மாட்டேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“அதுக்கு முன்ன எப்பவாவது நின்னிருக்கா?”

“நின்னிருக்கு. காலேஜ் வாசல்ல, பாலத்துக்குக் கீழ, தெருமுக்குல. நெறைய தடவ.”

“அப்ப ஏன் சொல்லல?”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே தொடர்ந்தான்.

“வாரா வாரம் நான் கேட்டேன்லா, எப்படி ஓடுதுன்னு? சூப்பரா ஓடுதுன்னு யாரு சொன்னா, நீதான? நின்னிருந்தா அன்னைக்கே சொல்லிருப்ப. இப்ப நான் கண்டுபிடிச்ச பொறவு நிக்குதுன்னா எப்படி மக்கா?” அவன் குரலில் பரிவுதான் இருந்தது. “இது இந்த மழையில கெட்டது. உனக்கு நடந்தது வேற. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஒருநாள் போடுறதுதான்.”

அம்மா மூன்றடி தூரத்தில் நின்றாள். அவளைப் பார்த்தேன். கொடியில் கிடந்த துணி நனைகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். துணி ஏற்கெனவே உள்ளே எடுக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாட்கள்போல நான் காத்திருந்தேன். அம்மா தானாகச் சொல்வாள் என்று. சொல்வதற்குத் தோதாகப் பல இடங்களை அவளுக்கு ஏற்படுத்திக்கொடுத்தேன். வண்டிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வோர் இடத்தையும் சுற்றிக்கொண்டு போனாள், வழியில் கிடக்கும் நாயைச் சுற்றிப் போவதுபோல.

அண்ணன் புறப்படுவதற்கு முந்தைய மாலை. அட்டைப்பெட்டியில் ஏத்தங்காய் வறுத்ததும் தேங்காய்ச் சம்மந்திப் பொடியும் மாங்காய் ஊறுகாயும் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எடை பார்ப்பதற்காக அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சாவியை என் முன்னால் வைத்தான்.

“புது சுவிட்சு போட்டாச்சு. இனி தைரியமா ஓட்டு. சீட்டையும் கொஞ்சம் கொறச்சிருக்கேன். பொறவு சாஞ்சா எஞ்சின் நின்னுச்சுன்னு கத சொல்லப்பிடாது, என்ன?”

அப்பா சிரித்தார். அவனும் சிரித்தான். அன்பான சிரிப்புதான். நான் அம்மாவைக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

“அம்மா, நீ பின்னால இருந்த. நீயே சொல்லு. அன்னைக்கு எஞ்சின் மொதல்ல நின்னுச்சா, வண்டி மொதல்ல சாஞ்சுதா?”

கயிற்றின் ஒரு நுனி அவள் இடது கையில் இருந்தது. அண்ணனும் அப்பாவும் அவளைப் பார்த்தார்கள். அவன் உண்மையை அறிய விரும்பியே பார்த்தான் என்று இப்போதும் நம்புகிறேன். அவள் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பான்.

“எனக்கு எப்படி மக்கா தெரியும்?” என்றாள். “வளைவுன்னாலே எனக்குப் பயம். நான் கண்ண மூடிட்டுல்லா இருந்தேன்.”

கண்ணை மூடியவளுக்கும் காது உண்டு. அதை நான் சொல்லவில்லை. அண்ணன் என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு முடிச்சுப் போட்டான்.

பிறகு அடுக்களையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு வலது கை ஆகாததால் அந்த வேலை இப்போது என்னுடையது.

“நின்னுச்சு,” என்றாள்.

நான் திரும்பவில்லை.

“நின்னது எனக்குத் தெரியும். நீ கால ஊனப் பாத்ததும் தெரியும். உனக்க தப்பு ஒண்ணும் இல்ல.”

“இத அங்க சொல்லியிருக்கலாம்லா.”

“எப்படிட்டி சொல்லுவேன்? சொன்னா பொறவு எல்லாம் சொல்லணும்லா. முன்னயே நின்னத, நான்தான் சொல்லப்பிடாதுன்னு சொன்னத. தண்ணி அடிச்சு அடிச்சுக் கெடுத்ததும் நான்தான். அவன் ஆசப்பட்டு வாங்குன வண்டியில நான் கை ஒடிஞ்சு கெடக்கேன்னு நெனச்சுட்டே பிளேன் ஏறுவான். நாளைக்குப் போற பிள்ள. அங்க யாரு இருக்கா அவனுக்கு?”

“எனக்கு?” என்று திரும்பினேன்.

அவள் உண்மையான வியப்போடு என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குள் ஒருமுறைகூட வந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நீ இங்கதான மக்கா இருக்க,” என்றாள். “உனக்க மனச நான் எப்ப வேணும்னாலும் ஆத்திக்கிடலாம்லா.”

இடது கையால் என் முதுகைத் தடவினாள். அந்தத் தடவலில் பாசம் குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் பாசம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். தூரத்தில் இருப்பவனுக்குப் பொய் சொல்லியாவது நோகாமல் காக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவளைச் செலவழிக்கிறார்கள். பக்கத்தில்தானே இருக்கிறாள், பிறகு ஈடுசெய்துகொள்ளலாம் என்று. அந்தப் ‘பிறகு’ வருவதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. அண்ணன் அங்கிருந்து வெள்ளிதோறும் கேட்டுக்கொண்டேயிருப்பான், நாங்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருப்போம். நான் அம்மாவின் கையை ஒடித்தவளாகவே என் கல்யாணப் பேச்சுவரைக்கும் இருப்பேன். அவளுக்கு மட்டும் அது அப்படியில்லை என்று தெரியும். தெரிந்திருப்பது எனக்குச் செய்யும் உதவி என்று அவள் எண்ணினாள்.

“அவன்கிட்ட சொல்லாத, கேட்டியா?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன். ஒரு வட்டிலைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் விடிகாலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் வந்தது. எனக்கும் இடம் இருந்தது. வகுப்பில் கட்டுரை வாசிக்க வேண்டும் என்று சொன்னேன். அண்ணன் நம்பினான். கார் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு வீட்டைப் பூட்டி, வண்டியை எடுக்காமல் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, கல்லூரிப் பெண்கள் விடுதியின் அலுவலகம் திறக்கும்வரை அதன் வராந்தாவில் காத்திருந்தேன். காப்பாளர் வந்து என் ஊரைக் கேட்டார். இவ்வளவு பக்கத்தில் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்றார். பஸ் வசதி சரியில்லை என்று சொன்னேன்.